வாரிசு இல்லாதவரின் தொலைபேசி எண்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மரண சகாய நிதியின் சந்தா வசூல், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நடைபெறும். சென்ற ஆண்டு அப்படியொரு ஞாயிறன்று ஒரு பாட்டி பொருளாளரின் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "என் பேர வெட்டிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார். பால்மரம் சீவிய காலத்திலிருந்தே நிதியில் உறுப்பினராக இருப்பவர் அவர். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சந்தாவை நினைவூட்டும் வாட்ஸ்அப் செய்தி வந்துகொண்டிருக்க, தமக்கு மட்டும் மூன்று மாதங்களாக வரவில்லை என்பதால், கணக்கிலிருந்து தம்மை நீக்கிவிட்டதாகவே அவர் முடிவு செய்திருந்தார். தமக்குப் பின் காரியம் பார்க்கப் பிள்ளைகள் இல்லாத ஒருவருக்கு அந்த நிதி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பொருளாளர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். பேரேட்டைப் புரட்டி, பாட்டியின் பக்கத்தில் விரலை வைத்து, "இருக்கும்மா, இங்க பாருங்க" என்று காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, பெரியம்மாவுக்கு மெசேஜ் போகலையாம், என்னான்னு பாருங்க" என்றார். அந்தச் செய்திகளை அனுப்பும் நிரலை எழுதியவன் நான். அன்று இரவே கணினியைத் திறந்து உட்கார்ந்தேன்.

தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. உறுப்பினர் அட்டவணையில் ஐடி, பெயர், தொலைபேசி, நிலை ஆகிய நெடுவரிசைகள். வாரிசு அட்டவணையில் ஐடி, உறுப்பினர்_ஐடி, வாரிசு_பெயர், உறவு ஆகிய நெடுவரிசைகள். செயற்குழுவில் இருப்பவர்கள் பார்த்தால் புரிய வேண்டும் என்பதற்காக நெடுவரிசைப் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருந்தேன். நான் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் அதற்குத் தடை சொல்வதில்லை. செய்தி அனுப்புவதற்காகத் தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் வினவல், உறுப்பினர் அட்டவணையை இடப்பக்கம் வைத்து, வாரிசு அட்டவணையை லெஃப்ட் ஜாயின் மூலம் வலப்பக்கம் சேர்த்து, செலக்ட் ஸ்டார் என்று எல்லா நெடுவரிசைகளையும் ஒரே வாயில் கேட்டது. வாரிசு பதியாதவர்களும் பட்டியலில் விடுபடக் கூடாது என்றுதான் லெஃப்ட் ஜாயின் போட்டேன். ஓராண்டுக்கு மேலாக அது சரியாகவே ஓடியது.

பாட்டி வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, இறப்புச் செய்தி வந்ததும் வாரிசைத் தொடர்புகொள்ள எண் வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. படிவம் கொடுத்து எண்களை வாங்கினோம். நான் வாரிசு அட்டவணையில் தொலைபேசி என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, எண்களை ஏற்றினேன். செய்தி அனுப்பும் வினவலில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. ஆனால் அதன் பொருள் அன்றோடு மாறிவிட்டது.

பாட்டியின் பதிவை மட்டும் எடுத்து, தரவுத்தளம் திருப்பித் தந்ததை அப்படியே திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். இடமிருந்து வலமாக ஐடி, பெயர், தொலைபேசி, நிலை என நான்கும் சரியாக இருந்தன; அவருடைய எண்ணும் அங்கே இருந்தது. அதற்கடுத்து வலப்பக்க அட்டவணையிலிருந்து வந்த ஐடி, உறுப்பினர்_ஐடி, வாரிசு_பெயர், உறவு, தொலைபேசி என்ற ஐந்தும் வெற்று மதிப்புகளாக இருந்தன. வாரிசு இல்லாதவருக்கு லெஃப்ட் ஜாயின் அப்படித்தான் தர வேண்டும். மொத்தம் ஒன்பது மதிப்புகள். அந்த ஒன்பதையும் நெடுவரிசைப் பெயரோடு கோத்து பைத்தான் டிக்ஷனரியாக மாற்றும் அடுத்த வரியை ஓட்டினேன். டிக்ஷனரியில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்புதான் இருக்க முடியும். ஏழுதான் எஞ்சின. இரண்டு ஐடிக்கள் ஒன்றாகிவிட்டன. இரண்டு தொலைபேசிகள் ஒன்றாகிவிட்டன. இரண்டிலும் பின்னால் வந்ததே நிலைத்தது. பின்னால் வந்தது வெற்று. எண் இல்லாதவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போ என்று நான் எழுதியிருந்த வரி, தன் கடமையைச் செய்தது. வாரிசு இல்லாதவர் என்ற ஒரே காரணத்தால் பாட்டிக்கு அவருடைய சொந்த எண்ணும் இல்லாமல் போயிருந்தது.

வாரிசு உள்ளவர்களுக்கு வேறு விதமாக நடந்திருக்கிறது. அவர்களுடைய செய்திகள் மகனுக்கோ மகளுக்கோ போயிருக்கின்றன. பிள்ளைகள் அம்மாவின் பெயரைப் பார்த்து, நிதி புதிய ஏற்பாடு செய்திருக்கிறது என்று எண்ணிப் பணத்தைக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் மூன்று மாதங்களாக ஒரு புகாரும் எழவில்லை. ஐடியின் கதை இன்னும் பழையது: முதல் நாளிலிருந்தே உறுப்பினரின் ஐடி மீது வாரிசின் ஐடி ஏறிக்கொண்டிருந்தது, அந்த நிரலில் ஐடியை எங்கும் பயன்படுத்தாததால் கண்ணில் படவில்லை.

இப்படி நடக்கும் என்று தெரிந்தும் தரவுத்தளம் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். ஓரிடத்தில் அது எச்சரிக்கத்தான் செய்கிறது. இணைத்த வினவலில் எந்த அட்டவணை என்று சொல்லாமல் வெறுமனே தொலைபேசி என்று எழுதினால், எதைச் சொல்கிறாய் என்று தெளிவில்லை என வினவலையே மறுத்துவிடும். ஸ்டார் போட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை: எல்லாவற்றையும் கேட்டாய், எல்லாவற்றையும் வரிசையாகத் தருகிறேன் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. வினவலின் விடையில் ஒரே பெயர் இரு முறை வருவதை, வினவல் எழுதும் மொழியான எஸ்கியூஎல் அனுமதிக்கிறது. அந்த விடையைப் பொறுத்தவரை மூன்றாவது மதிப்பும் ஒன்பதாவது மதிப்பும் வெவ்வேறு. பெயர் என்பது தலைப்பில் ஒட்டிய சீட்டு மட்டுமே. பெயரைச் சாவியாக வைத்து நிரல் அதை வாங்கிக்கொள்ளும் நொடியில்தான் இரண்டில் ஒன்று அழிகிறது.

அழிவது எது என்பதிலும் ஒற்றுமை கிடையாது. பெயர்களையும் மதிப்புகளையும் நாமே கோத்து டிக்ஷனரியாக்கினால் கடைசியில் வந்தது நிற்கும். பிஎச்பி மொழியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை வாசிக்கும் அசோசியேட்டிவ் வரிசையிலும் கடைசிதான். பைத்தானோடு வரும் எஸ்கியூலைட் தரவுத்தள நூலகத்தின் ரோ பொருளிடம் பெயரைச் சொல்லிக் கேட்டால் முதலில் வந்ததைத் தரும். ஒரே தரவு, ஒரே மொழி, வாசிக்கும் முறையை மாற்றினால் ஆள் மாறிவிடுகிறார். அதே வினவலை ஒரு வியூவாக, அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே பெயரிட்ட வினவலாக, சேமிக்க முயன்றிருந்தால் போஸ்ட்கிரெஸ்ஸும் மைஎஸ்கியூஎல்லும் பெயர் இரு முறை வருகிறது என்று மறுத்திருக்கும். எஸ்கியூலைட் மறுக்காது, இரண்டாவதன் வாலில் ஒரு முக்காற்புள்ளியும் ஒன்று என்ற எண்ணும் ஒட்டி ஏற்றுக்கொள்ளும். மறுப்பதே மேல் என்பது என் கருத்து.

மறுநாள் மாலை, நடந்ததைச் சொல்வதற்காகப் பொருளாளரின் வீட்டுக்குப் போனேன். இரண்டு அட்டவணையிலும் தொலைபேசி என்றே தலைப்பு இருந்ததால் வந்த வினை என்று சொன்னபோது அவர் எழுந்து போய், ஆண்டுத் தணிக்கைக்காகத் தாம் கையால் எழுதி வந்த நீளமான தாள்களை எடுத்து வந்தார். உறுப்பினர் பேரேடு ஒன்று, வாரிசுப் புத்தகம் ஒன்று. இரண்டிலும் முதல் தலைப்பு 'பெயர்' தான். ஆனால் இரண்டையும் சேர்த்துத் தணிக்கையாளருக்காக அவர் எழுதிய தாளில் 'பெயர்' என்ற தலைப்பே இல்லை. ஒரு தலைப்பு 'உறுப்பினர்', இன்னொன்று 'பெறுபவர்'.

"ஏன் ஐயா இங்க மட்டும் மாத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு புத்தகத்துல இருந்து எடுத்து ஒரே தாள்ல எழுதுறோம் தம்பி. அட்டையப் பாத்து எது யார் பேருன்னு சொல்ல முடியாதுல்ல" என்றார்.

எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை. பேரேட்டுக்குள் 'பெயர்' என்று எழுதினால் போதும்; அது யாருடைய பெயர் என்பதைப் புத்தகத்தின் அட்டை சொல்லிக்கொண்டிருக்கிறது. இணைத்த தாளுக்கு அட்டை கிடையாது. அட்டை சொல்லிவந்ததை இனித் தலைப்புதான் சொல்ல வேண்டும்.

செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டை எழுதிப் பழகிய கைக்கு இது இயல்பாகவே வந்திருக்க வேண்டும். ஒரே தோட்டத்தில் இரண்டு முனியம்மாக்கள் இருந்தால், மேட்டு லயத்து முனியம்மா என்றும் பால் ஸ்டோர் முனியம்மா என்றும் சொல்லி ஆளைப் பிரிப்பது நம் பக்கத்தில் என்றும் உள்ள வழக்கம். அந்த அடைமொழி அவரவர் லயத்துக்குள் தேவைப்படுவதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் ஒன்றாக நிற்கும்போதுதான் தேவைப்படுகிறது.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தொடர்புசார் தரவுத்தளம் என்ற கருத்தை முன்வைத்த கட்டுரையை 1970ஆம் ஆண்டு வெளியிட்டார். அதில் இதே செய்தி வருகிறது. பயன்படுத்துபவர் நெடுவரிசையின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாதபடி, ஒரே வகை மதிப்பு ஓர் உறவில், அதாவது அட்டவணையில், இரு முறை வந்தால் ஒவ்வொன்றும் அங்கே என்ன பங்கு வகிக்கிறது என்பதைக் காட்டும் தனிப் பெயரைப் பெற வேண்டும் என்கிறார் அவர். அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு இயந்திர உதிரிப்பாகங்களைப் பற்றியது: ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் அடங்குகிறது, இரண்டும் பாகங்களே, ஆகவே ஒன்றை உட்பாகம் என்றும் மற்றதை மேற்பாகம் என்றும் சொல்லிப் பிரிக்க வேண்டும். 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் அறிமுகப்படுத்திய மொழி வளர்ந்து 1986இல் எஸ்கியூஎல் என்ற பெயரில் தரநிலையானது. அந்த மொழியில் இந்த ஒழுங்கு கட்டாயம் இல்லை. பங்குப்பெயர் வைக்க வழி தந்திருக்கிறார்கள், வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆஸ் என்ற சிறிய சொல்தான் அந்த வழி. பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆஸ் என்பதை அறிக்கையின் தலைப்பை அழகாக்கும் கருவி என்றே நான் நினைத்திருந்தேன்.

வினவலை அன்று இரவே திருத்தினேன். ஸ்டாரை எடுத்துவிட்டு, உறுப்பினர் அட்டவணைக்கு உ என்றும் வாரிசு அட்டவணைக்கு வா என்றும் குறும்பெயர் தந்து, செய்திக்குத் தேவையான நெடுவரிசைகளை ஒவ்வொன்றாக எழுதினேன்: உ.பெயர் ஆஸ் உறுப்பினர்_பெயர், உ.தொலைபேசி ஆஸ் உறுப்பினர்_எண், வா.தொலைபேசி ஆஸ் வாரிசு_எண். குறும்பெயர் மட்டும் போதாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உ.தொலைபேசி, வா.தொலைபேசி என்று எழுதினால் தரவுத்தளத்துக்குக் குழப்பம் தீர்கிறது. ஆனால் விடையின் தலைப்பில் உ, வா என்ற முன்னொட்டு தங்குவதில்லை, மறுபடியும் இரண்டு தொலைபேசிகளே வருகின்றன. இணையத்தில் தேடி இந்தப் பாதி மருந்தோடு நின்றுவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அட்டவணையை உருவாக்கும்போதே எல்லா நெடுவரிசைகளுக்கும் முன்னொட்டு வைத்துவிட்டால் பிரச்சினையே வராது என்பது ஈப்போவில் என்னோடு வேலை செய்யும் நண்பரின் வாதம். வாரிசு_பெயர் என்று நானே ஒரு நெடுவரிசைக்கு வைத்திருந்தேன், அது தப்பித்தது, உண்மைதான். ஆனால் எங்கள் நிதியில் கணவனும் மனைவியும் இருவருமே உறுப்பினர். ஒருவருக்கு மற்றவர் வாரிசு. அண்ணன் தம்பிகளிலும் அப்படி உண்டு. இவர்களுடைய விவரத்தை இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு ஓரிடத்தில் மட்டும் திருத்துவது ஆபத்து என்பதால், உறுப்பினராகவும் உள்ள வாரிசை உறுப்பினர் அட்டவணையோடே இணைக்க வேண்டி வந்தது. அதாவது ஒரே அட்டவணை வினவலில் இரு முறை வருகிறது. இப்போது எல்லா நெடுவரிசைகளும் இரட்டை. அட்டவணைக்குள் உறுப்பினர்_பெயர் என்று வைத்திருந்தால், விடையில் இரண்டு உறுப்பினர்_பெயர்கள் வந்திருக்கும். காட் சொன்ன உட்பாகமும் மேற்பாகமும் இதுவேதான். ஒருவர் உறுப்பினரா பெறுபவரா என்பது அவருடைய பதிவில் எழுதியிருக்கும் செய்தி அன்று; எந்த வினவலில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆகவே அந்தப் பெயரை வினவலில்தான் வைக்க முடியும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பெயரின் நீளம் 63 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. வாரிசின் வீட்டு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் பிரிக்க எண்ணி, உறுப்பினர்_வாரிசு_தொலைபேசி_வீடு என்றும் உறுப்பினர்_வாரிசு_தொலைபேசி_கை என்றும் பெயர் வைத்தேன். இரண்டும் 63 பைட்டைத் தாண்டின. போஸ்ட்கிரெஸ் பிழை சொல்லவில்லை. ஓர் அறிவிப்பை மட்டும் எழுதிவிட்டு இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டியது. இரண்டுமே உறுப்பினர்_வாரிசு_தொலை என்று நின்றன. இரட்டைப் பெயரை ஒழிக்க வைத்த பெயர்களே இரட்டையாகிவிட்டன. அதன் பிறகுதான் வாரிசு_வீட்டெண், வாரிசு_கையெண் என்று சுருக்கினேன்.

இணைக்கும் சாவிக்கு மட்டும் ஸ்டாரோடு ஒத்துப்போகும் ஓர் ஏற்பாடு உண்டு. இரு பக்கத்திலும் சாவியின் பெயர் உறுப்பினர்_ஐடி என்று ஒன்றாகவே இருந்து, இணைப்பு நிபந்தனையைச் சொல்லும் ஆன் என்பதற்குப் பதிலாக யூசிங் எழுதினால், விடையில் அது ஒரு முறைதான் வரும். லெஃப்ட் ஜாயினில் இடப்பக்க மதிப்பே நிற்கும் என்பதால் வெற்று மதிப்பு அதை அழிக்காது. நான் இப்போது அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் நேச்சுரல் ஜாயின் பக்கம் போவதில்லை. அது இரு அட்டவணைகளிலும் ஒத்த பெயருள்ள எல்லா நெடுவரிசைகளையும் தானே தேடி இணைப்பு நிபந்தனையாக்குகிறது. எங்கள் அட்டவணைகளில் அதைப் பயன்படுத்தியிருந்தால், தொலைபேசி நெடுவரிசையைச் சேர்த்த நாளிலிருந்து, உறுப்பினரும் வாரிசும் ஒரே எண்ணை வைத்திருக்கும் குடும்பங்கள் மட்டுமே இணைந்திருக்கும். அதுவும் ஐடிகள் தற்செயலாக ஒத்துப்போனால்.

ஆண்டறிக்கைக்கான கணக்கை நான் பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் போடுகிறேன். அங்கே இரண்டு அட்டவணைகளை மெர்ஜ் செய்து இணைக்கும்போது சாவியைத் தவிர்த்த மற்ற ஒத்த பெயர்களின் வாலில் இடப்பக்கத்துக்கு எக்ஸ் என்றும் வலப்பக்கத்துக்கு ஒய் என்றும் தானே ஒட்டிவிடும். எதுவும் அழிவதில்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் எக்ஸ் யார், ஒய் யார் என்பதை ஆறு மாதம் கழித்து நானே மறந்துவிடுகிறேன். மேலும், ஒரு பக்கத்தில் அந்த நெடுவரிசையை நீக்கினால் மறுபக்கத்தின் வாலும் சேர்ந்து மறைகிறது. ஆகவே சஃபிக்ஸஸ் என்ற இடத்தில் _உறுப்பினர், _வாரிசு என்று நானே எழுதிக்கொடுக்கிறேன்.

கடைசியாக ஒரு காவல் வைத்தேன். பைத்தானில் வினவல் ஓடி முடிந்ததும் அதை ஓட்டிய கர்சர் என்ற பொருளின் டிஸ்கிரிப்ஷன் என்ற பண்பில் நெடுவரிசைப் பெயர்கள் வந்த வரிசையிலேயே, இரட்டைகள் உட்பட, அப்படியே இருக்கும். டிக்ஷனரியாக மாற்றுவதற்கு முன்பு அந்தப் பெயர்களை எண்ணுகிறேன். அவற்றை, ஒரே பெயரை இரு முறை வைத்துக்கொள்ளாத ஒரு செட்டில் போட்டு மறுபடி எண்ணுகிறேன். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் எந்தப் பெயர் இரட்டிக்கிறது என்று சொல்லி நிரல் நின்றுவிடும். மூன்றே வரிகள். இவை முதலிலேயே இருந்திருந்தால் ஐடிக்காக முதல் நாளிலேயே நின்றிருக்கும்; பாட்டி தம் பெயரைத் தேடிக்கொண்டு மண்டபத்துக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தக் காவல் ஒரு முறை நிரலை நிறுத்தியது. சந்தாப் பதிவையும் ரசீது அட்டவணையையும் இணைக்கும் பழைய வினவலொன்றில் 'தேதி' இரு முறை வந்திருந்தது. ஒன்று உறுப்பினர் பணம் கட்டிய நாள். மற்றது பேரேட்டில் ரசீது ஏறிய நாள். நிலுவைப் பட்டியலுக்கு எது வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. அதுவரை நிரல் ரசீது நாளை எடுத்து வந்திருக்கிறது. பொருளாளரை அழைத்துக் கேட்டேன். மாதக் கடைசியில் பணம் கட்டுபவரின் ரசீது சில வேளைகளில் அடுத்த மாதம்தான் ஏறும், அவரை நிலுவையில் சேர்க்கக் கூடாது, ஆனால் தணிக்கைக்கு ரசீது நாளும் வேண்டும் என்றார். கட்டிய_தேதி, ரசீது_தேதி என்று இரண்டையும் எழுதிப் பட்டியலை மறுபடி எடுத்தேன். நிலுவையில் இருந்த ஆறு பெயர்கள் அதிலிருந்து நீங்கின.